இரண்டாம் மதிப்பீட்டாளரின் ஏழு கட்டுரைகள்

அத்தியாயம் பதினொன்று

கதவு திறந்தவுடன் மூத்தவள் கேட்ட முதல் கேள்வி, "எங்க அந்த முக்காலி?" என்பதுதான்.

முக்காலி என்பது இளையவளுக்கு வீட்டில் வழங்கும் பெயர். நில அளவியல் படித்த காலத்தில், அளவைக் கருவியை நிறுத்தும் மூன்று கால் தாங்கியைத் தோளில் சுமந்துகொண்டு பேருந்தில் ஏறி, பயணிகளிடம் வசவும் நடத்துநரிடம் கூடுதல் சீட்டும் வாங்கியவள் அவள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர், முனைவர் பட்டம் பெற்ற பிறகும் உதிரவில்லை.

"உள்ளதான் இருக்கா. காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல" என்றாள் அம்மா. "நீயாவது பக்குவமா சொல்லு. சண்டைக்கு வந்த மாதிரி நிக்காதே."

"சண்டைக்குத்தாம்மா வந்திருக்கேன்."

காரணம் இல்லாமல் இல்லை. இளையவள் ஒரு கல்லூரியின் நில அளவியல் துறையில் தற்காலிக ஆசிரியை. அவளுடைய பணியை நிரந்தரமாக்குவதா, முடித்துவைப்பதா என்று முடிவு செய்யும் குழு நாளைக் காலை கூடுகிறது. முன்னணி ஆய்விதழ் ஒன்றில் அவளுடைய கட்டுரை ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அக்குழுவின் நிபந்தனை. கட்டுரை இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பப்பட்டது. முதலாமவர் மனம் திறந்து பாராட்டியிருந்தார். தம் பெயரை வெளியிடாத இரண்டாமவரோ, கட்டுரையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், ஏழு கட்டுரைகளின் தலைப்புகளைத் தந்து, இவற்றை மேற்கோள் காட்டினால் ஏற்கலாம் என்று மட்டும் எழுதியிருந்தார். ஏழிலும் முதல் ஆசிரியர் ஒருவரே: மூத்தவளின் கணவர். நேற்று இந்தச் செய்தி அம்மாவின் வழியாக மூத்தவளின் காதுக்குப் போயிற்று.

திருத்திய கட்டுரை இன்று மாலைக்குள் பதிப்பாசிரியருக்குப் போய்ச் சேர வேண்டும்.

"ஏழு பேரைக் கடைசிப் பக்கத்துல சேர்க்கிறதுக்கு உனக்குக் கை வலிக்குதா?" என்று தொடங்கினாள் மூத்தவள்.

"ஏழு பேரு இல்லக்கா. ஒரே பேரு, ஏழு தடவை."

"அந்த ஒரே பேரு உன் அத்தான் பேரு."

"அதனாலதான் வலிக்குது."

"அவர்தான் கேட்டாருன்னு எங்க எழுதியிருக்கு?"

"அதெல்லாம் எழுத மாட்டாங்க. ஆனா அத்தானோட ஏழு தலைப்பையும் வரிசை மாறாம ஒப்பிக்கிற ஆளு, அத்தானைத் தவிர இந்த உலகத்துல யாரு இருக்கா? உனக்கே ஒரு தலைப்பு சொல்லத் தெரியுமா?"

மூத்தவள் திணறினாள். நகல் எடுத்துப் புத்தகமாகக் கட்டித் தரும் கடை நடத்துபவள் அவள். நாள்தோறும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் அவள் கையைக் கடந்து போகும், ஒன்றையும் படித்ததில்லை.

"ஏதோ… சரிவுன்னு வரும்."

அம்மா சிரிப்பை அடக்க அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சிரிக்காதேம்மா!" என்று மூத்தவள் சீறினாள். பிறகு குரல் தணிந்தது. "கல்யாணம் ஆனதுலேர்ந்து பார்க்கறேன். சாப்பிடறப்பகூட அந்த மேற்கோள் எண்ணைத்தான் பார்த்துட்டிருப்பாரு. நேத்து ரெண்டு கூடிச்சு, இன்னிக்கு மூணு கூடிச்சுன்னு. என் பிறந்த நாள் மறந்துபோவும், அது மறக்காது."

"நீங்கதான் கேட்டீங்களான்னு அவர்கிட்ட நேராக் கேட்டியா?"

மூத்தவள் கைப்பையின் வாரைத் திருகினாள். கேட்கவில்லை என்பதே பதில். கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்னும் அச்சம் அவளை நேற்றிலிருந்து வாட்டிக்கொண்டிருந்தது.

மேற்கோள் எண்ணிக்கை என்பது இதுதான்: ஓர் ஆய்வாளரின் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டினார்கள் என்னும் கணக்கு. அந்தக் கணக்கைக் கொண்டே பதவியும் பரிசும் பொன்னாடையும் வழங்குகிறார்கள். வகுப்பறையில் அதிகமுறை பெயர் சொல்லி அழைக்கப்படும் மாணவன் எப்போதும் நல்ல மாணவனாக இருப்பதில்லை என்பதை, பள்ளிக்கூடத்தில் ஓராண்டு நின்று பாடம் நடத்திய எவரும் சொல்லிவிடுவர். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

"சரி, அவரே கேட்டாருன்னு வெச்சுக்கோ" என்றாள் மூத்தவள். "உனக்கு வேலை நிலைக்கும். அவருக்கு எண் ஏழு கூடும். யாருக்கு நஷ்டம்?"

"அந்த ஏழும் தப்புக்கா."

"என்னது?"

இளையவள் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலகைகளில் ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பலகை. மூலையில் சேறு காய்ந்திருந்தது.

"மேல்சாலை ஓரமா அந்த மண்சரிவு இருக்கில்ல, பஸ் போற பாதைக்கு மேல? ட்ரோனைப் பறக்கவிட்டு நூத்துக்கணக்குல படம் எடுக்கறோம். படங்களை ஒண்ணோட ஒண்ணு பொருத்தினா சரிவோட உருவம் கம்ப்யூட்டர்ல வரும். ஆனா அது வளைஞ்சிருக்கலாம், சாஞ்சிருக்கலாம். அதுக்காக இந்த மாதிரி பலகைங்களைச் சரிவுல அங்கங்க வெச்சு, ஒவ்வொண்ணும் எந்த உயரத்துல இருக்குன்னு தரையில நின்னு தனியா அளக்கறோம். அந்த அளவை வெச்சு உருவத்தை இழுத்துச் சரி பண்றோம்."

"சரி."

"சரி பண்ணினது சரியான்னு எப்படிப் பார்ப்ப?"

"மறுபடி பலகையைப் பார்ப்பேன்."

"எந்தப் பலகையை? சரி பண்ண எடுத்ததையேவா?"

மூத்தவள் மூலையில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள்.

"அதைத்தான் அத்தான் பண்ணியிருக்காரு. ஏழுலயும். சோதிக்கறதுக்குன்னு தனியா நாலு பலகையை ஒளிச்சு வெச்சிருக்கணும். வெக்கல. அதனால பிழை ரெண்டு சென்டிமீட்டருக்குள்ளன்னு வருது. நான் தனிப் பலகை வெச்சுப் பார்த்தேன். ஒன்பது வருது. சரிவு ஏழு சென்டிமீட்டர் நகர்ந்தா நமக்குத் தெரியவே தெரியாதுக்கா. தெரியும்னு நம்பிக்கிட்டு பஸ் விடறாங்க."

வினாத்தாளை முதல் நாளே மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் அனைவரும் நூற்றுக்கு நூறு என்று மார்தட்டும் பள்ளிக்கு என்ன பெயர் வைப்போம்? இந்தத் துறையில் அதற்குப் பெயர் வைப்பதில்லை, மேற்கோள் காட்டுகிறார்கள்.

மூத்தவள் பலகையை வெறித்துப் பார்த்தாள். "அவர் மேல உனக்கு என்னடி கோபம்?" என்றாள் கடைசியாக. பதிலுக்கு நிற்காமல் கைப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

*

துறைத்தலைவரின் அறைச் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. துறையினர் ஒவ்வொருவரின் மேற்கோள் எண்ணிக்கையும் ஒவ்வொரு வண்ணத் தூணாக அதில் நின்றது. துறைத்தலைவரின் தூண், சட்டத்தின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இளையவளுடையது, குனிந்து பார்த்தால் தெரியும்.

அந்த உயரத்துக்கு ஒரு வழக்கம் காரணம். துறையிலிருந்து வெளிவரும் எந்தக் கட்டுரையானாலும் இரண்டாவது பெயர் துறைத்தலைவருடையதாக இருக்கும். அவர் படமெடுத்ததில்லை, பலகை நட்டதில்லை, கணக்குப் போட்டதில்லை. ஆயினும் பெயர் இருக்கும். அத்தான் இங்கே பணியாற்றிய காலத்தில் எழுதிய கட்டுரைகளிலும் இருந்தது. கட்டடத்தின் நெற்றியில் எழுதப்பட்ட கல்லூரிப் பெயரை எவரும் நின்று படிப்பதில்லை அல்லவா? அப்படித்தான் அந்தப் பெயரும். கண் அதைத் தாண்டிப் போய்விடும். அவ்வழக்கத்தை முதன்முறையாக மீறி, இந்தக் கட்டுரையைத் தன் பெயரில் மட்டும் அனுப்பியவள் இளையவள். தெரிந்தபோது துறைத்தலைவர் சினக்கவில்லை. புன்னகை செய்தார்.

இன்றும் புன்னகையோடுதான் வரவேற்றார்.

"உக்காரும்மா. நாளைக்குக் குழு கூடுது. கட்டுரை என்ன ஆச்சு?"

"சில திருத்தம் கேட்டிருக்காங்க சார். இன்னிக்கு அனுப்பணும்."

"கேட்டதைக் கொடுத்துட்டு வேலையை முடிம்மா. திருத்தம் கேக்கறவங்க நம்மளைவிட விவரம் தெரிஞ்சவங்களாத்தான் இருப்பாங்க. இதுல கௌரவம் பார்த்தா, நாளைக்கு நான் குழு முன்னாடி என்னத்தைச் சொல்லி உனக்காகப் பேசறது?"

"கேட்டது நியாயமா இல்லன்னா சார்?"

"நியாயம் இங்க இருக்கு" என்று சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினார். "பார்த்தியா? உன் தூணுல எறும்பு ஏறினாக்கூட மூச்சு வாங்காது."

அவரே சொல்லி அவரே சிரித்தார். இளையவள் எழுந்து வணங்கிவிட்டு வெளியே வந்தாள்.

ஆய்வகத்தில் கணினியின் முன் அமர்ந்து, பதிப்பாசிரியருக்கு மறுப்புக் கடிதம் எழுதத் தொடங்கினாள். ‘இரண்டாம் மதிப்பீட்டாளர் குறிப்பிட்டுள்ள ஏழு கட்டுரைகளும் என் ஆய்வுக்குத் தொடர்பற்றவை. ஆகவே…’

அங்கேயே விரல் நின்றது.

தொடர்பற்றவையா?

அவள் ஆய்வே அந்தப் பிழையைப் பற்றியது. அந்தப் பிழை மிகத் துலக்கமாக இருப்பது அந்த ஏழில்தான். உறவினரின் பெயர் என்பதால் முதல் வரைவில் அவற்றைச் சுட்டாமல் ஒதுங்கியவள் அவளே. இப்போது தொடர்பற்றவை என்று எழுதினால், அது பச்சைப் பொய். போற்றிச் சேர்ப்பதும் பொய். ஒதுக்கி வைப்பதும் பொய்.

எழுதியதை அழித்தாள். ஏழு கட்டுரைகளையும் திறந்து, ஒவ்வொன்றின் அட்டவணையையும் மீண்டும் ஒப்பிட்டாள். சரிசெய்த பலகைப் புள்ளிகள், சோதித்த புள்ளிகள், இரண்டும் ஒன்றே. ஏழிலும் ஒன்றே. பிறகு தன் கட்டுரையின் நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதினாள்:

‘இம்முறையின் பிழை இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு எனக் கூறும் ஏழு ஆய்வுகளும், உருவத்தைச் சரிசெய்யப் பயன்படுத்திய புள்ளிகளைக் கொண்டே அதன் துல்லியத்தையும் சோதித்துள்ளன, ஆகவே அவற்றில் காணப்படும் எண்கள் துல்லியத்திற்குச் சான்றாகா.’

வாக்கியத்தின் இறுதியில் ஏழு எண்கள். கடைசிப் பக்கத்துப் பட்டியலில் ஏழு தலைப்புகள். அனுப்பிவிட்டாள்.

கைப்பேசி ஒலித்தது. அம்மா.

"என்ன முடிவு பண்ணினே?"

"ஏழையும் சேர்த்துட்டேம்மா."

"அப்பாடா! என் வயித்துல பால வார்த்தே. இப்பவே அக்காகிட்ட சொல்றேன்."

"அம்மா, எப்படிச் சேர்த்தேன்னு…"

அம்மா வைத்துவிட்டாள்.

*

மாலையில் மூத்தவள் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். பின்னால் அத்தான், கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தபடி, வரலாமா வேண்டாமா என்பதுபோல வாசலில் நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை, ஏன் அங்கயே நிக்கறீங்க?" என்றாள் அம்மா.

"ஒரு விஷயம் தெளிவு பண்ணிட்டு உக்கார்றேன் அத்தை." இளையவளின் பக்கம் திரும்பினார். "இப்பதான் வழியில இவ எல்லாத்தையும் சொன்னா. நான் அந்தக் கட்டுரைக்கு மதிப்பீட்டாளரா? அந்த இதழோட எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. என் கட்டுரை ஒண்ணைத் திருப்பி அனுப்பினதுலேர்ந்து அவங்க எனக்கு எதையும் அனுப்பறதில்ல, நானும் கேக்கறதில்ல. எண்ணைப் பார்க்கறவன்தான், ஒத்துக்கறேன். ஆனா உன்கிட்ட கை நீட்டற அளவுக்கு இறங்கல."

"நீங்க இல்லையா அத்தான்?"

"இல்ல."

மூத்தவளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நான் சொல்லல? இவரு அப்படிப்பட்டவரு இல்ல. பரவாயில்ல, ஏழையும்தான் சேர்த்துட்டாளே. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. அந்தப் பக்கத்தைக் கொண்டு வாடி, அவரும் படிச்சுச் சந்தோஷப்படட்டும்."

இளையவள் நான்காம் பக்கத்தை எடுத்து அத்தானிடம் நீட்டினாள்.

அவர் நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு, மீண்டும் படித்தார்.

"என்ன எழுதியிருக்கா?" மூத்தவள் பக்கத்தை வாங்கினாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் ஆய்வுக்கட்டுரையின் வாக்கியத்தை முழுமையாகப் படித்தாள். ‘சான்றாகா’ என்னும் சொல்லில் வந்து நின்றவுடன் பெட்டியைத் தொப்பென்று மேசையில் வைத்தாள்.

"உலகமே பார்க்க அவர் முகத்துல கரி பூசிட்டியேடி!"

"இருக்கறதை எழுதினேன்."

"அத்தான் கேக்கலன்னு தெரிஞ்சுதில்ல? எடுத்துடு!"

"யாரு கேட்டிருந்தாலும் அந்த வரி அதேதான்க்கா. அத்தான் கேட்டாருன்னு கோபத்துல எழுதியிருந்தா இப்ப எடுத்துடலாம். கோபத்துல எழுதல."

அத்தான் நாற்காலியில் அமர்ந்தார். "அப்ப எல்லாரும் அப்படித்தான் சோதிச்சாங்க. ஆனா என் எண் தப்புன்னு நீ எப்படிச் சொல்றே? சோதிச்ச விதம் தப்புன்னு சொல்லு, கேட்டுக்கறேன். எண் சரியாக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம் அத்தான். சான்று இல்லன்னுதான் எழுதியிருக்கேன், தப்புன்னு எழுதல."

"மூணாவது கட்டுரையோட படம் அத்தனையும் என் மடிக்கணினியில இருக்கு. பலகைங்களோட அளவும் இருக்கு. பன்னிரண்டு பலகையை வெளிய எடுத்துட்டு இப்பவே மறுபடி ஓட்டு. ரெண்டு சென்டிமீட்டர் வரலன்னா என்னைக் கேளு."

"எந்தப் பன்னிரண்டுன்னு நான்தான் சொல்லுவேன்."

"நீயே சொல்லு. பயப்படறவன் மாதிரியா தெரியுது?"

"சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்களேன்" என்றாள் அம்மா. எவரும் அசையவில்லை.

மூத்தவள் மட்டும் கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பட்டியலின்மீது விரலை ஓட்டினாள். "எனக்கு ஒண்ணு புரியல. ஏழுலயும் உங்க பேருக்குப் பக்கத்துல இன்னொரு பேரு இருக்கே. அது யாரு?"

அத்தானும் மச்சினியும் ஒரே நேரத்தில், "அது சும்மா, துறைத்தலைவர்" என்றார்கள்.

சொல்லி முடித்த பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அப்போது இளையவளின் கைப்பேசி ஒலித்தது. அழைத்தவர் துறைத்தலைவர். அவள் அனைவருக்கும் கேட்கும்படி அழுத்தி, மேசைமேல் வைத்தாள்.

"என்னம்மா, ஏழு கட்டுரையையும் சேர்த்துட்ட போலிருக்கே! ரொம்பச் சந்தோஷம்."

எத்தனை கட்டுரை என்று அவள் அவரிடம் சொல்லவேயில்லை. திருத்திய கட்டுரை பதிப்பாசிரியருக்குப் போயிருக்கிறது. அவரிடமிருந்து மதிப்பீட்டாளர்களுக்குப் போயிருக்கும். வேறெவருக்கும் போகாது.

"படிச்சீங்களா சார்?" என்றாள் இளையவள்.

"படிக்காமலா? கடைசிப் பக்கத்தைப் பார்த்தேனே! இருபத்தொண்ணுலேர்ந்து இருபத்தேழு வரைக்கும் வரிசையா ஏழு. கண் நிறைஞ்சுபோச்சு. இதழ்லேர்ந்து காலையில ஏத்துக்கிட்டதா கடிதம் வந்துடும், கவலைப்படாதே. நம்ம துறையோட பழைய ஆய்வையெல்லாம் எவ்வளவு மதிச்சு எழுதியிருக்கேன்னு குழுவுக்குத் தெரியணும். அந்தப் பகுதி எங்க வருதோ அதைக் கொண்டா. நாளைக்கு நானே வாசிச்சுக் காட்டறேன்."

"கொண்டு வர்றேன் சார். நாலாம் பக்கம்."

"நல்ல பொண்ணு" என்று அவர் வைத்துவிட்டார்.

முதலில் வாய் திறந்தவள் அம்மாதான். "அவரு ராத்திரிக்குள்ள அந்த வரியைப் படிச்சுத் தொலைச்சுட்டா?"

"படிக்க மாட்டாரு அத்தை" என்றார் அத்தான். அவர் முகத்தில் சிரிப்பா கசப்பா என்று சொல்ல முடியாத ஒன்று வந்துபோனது. "அவருகூடப் பல வருஷம் வேலை பார்த்தேன். அவர் பேரு போட்ட என் கட்டுரையையே அவர் படிச்சதில்ல."

மடிக்கணினியைத் திறந்தார். இளையவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, வெளியே எடுக்க வேண்டிய பலகைகளின் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். மூன்று, எட்டு, பதினொன்று… அவர் மறுபேச்சின்றி ஒவ்வொன்றாக நீக்கினார். கணக்கு ஓடத் தொடங்கியது. திரையில் ஒரு பச்சைக் கோடு, ஊர்வதே தெரியாமல் ஊர்ந்தது. விடிவதற்குள் விடை வந்துவிடும் என்றாள் இளையவள். என்ன விடை என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூத்தவள் நான்காம் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தட்டிச் சரிசெய்தாள். தொழில் பழக்கம்.

"குழுவுல எத்தனை பேரு?"

"அஞ்சு பேருதான்க்கா. எதுக்கு?"

"அஞ்சு படி வேணுமில்ல? அவர் வாசிக்கறப்ப, முழுங்கிட்டு அடுத்த வரிக்குத் தாவிட்டார்னா? ஆளுக்கு ஒண்ணு கையில இருக்கட்டும். காலையில கடையைச் சீக்கிரமாத் திறந்து எடுத்துத் தர்றேன்."

அத்தான் திரையிலிருந்து தலையை உயர்த்தினார். "அந்தப் பட்டியல்ல முதல்ல வர்றது என் பேரு. தெரியுமில்ல?"

"தெரியும்" என்றாள் மூத்தவள். "அதனாலதான் நல்ல தாள்ல எடுக்கறேன்."